பெரிய கலப்பையை டிராக்டரில் மாட்டுவதும் டிராஃப்ட் கண்ட்ரோலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் டிராக்டர் பழுது பார்க்கிறேன். நிபோங் திபால், ஜாவி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் வடக்கே பெனாகா பக்கத்து நெல் வயல்களிலிருந்தும் வண்டிகள் வரும். பினாங்கு என்றதும் தீவையும் பாலத்தையும்தான் பலர் நினைப்பார்கள். ஆனால் மாநிலத்தின் உழவில் பெரும்பகுதி பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நடக்கிறது.

செம்பனை ஏறக்குறைய 25 வருடத்தில் மறுநடவுக்கு வரும். கனோடெர்மா பூஞ்சை தங்கிய அடிவேரைப் பெயர்த்து, நிலத்தை ஆழமாகப் புரட்ட வேண்டியிருக்கும். அதுவரை பழக்குலை ஏற்றிய டிரெய்லரை மட்டும் இழுத்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் அப்போதுதான் ஒரு பெரிய கலப்பையைக் கொடுப்பார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது. இரண்டு நாளில் "ஹைட்ராலிக் போயிடுச்சு" என்று வண்டி என்னிடம் வந்துவிடும். பார்த்தால் பல நேரம் ஹைட்ராலிக் நன்றாகவே இருக்கும், கலப்பையை மாட்டியதில்தான் தவறு இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

டிராஃப்ட் கண்ட்ரோல்னா என்னண்ணே? கலப்பை ஆழத்தைப் பிடிச்சு வைக்கிறதா?

இல்லை. அது பிடித்து வைப்பது ஆழத்தை அல்ல, இழுவையை. கலப்பை இவ்வளவு கனத்தில் இழுபட வேண்டும் என்று லிவரில் நீங்கள் சொல்கிறீர்கள். இழுவை அதைத் தாண்டினால் ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், குறைந்தால் இறக்கும். மண் ஒரே மாதிரி இருக்கும் வரை இழுவையும் ஆழமும் சேர்ந்தே போவதால் ஆழத்தைப் பிடிப்பது போலத் தெரியும். மண் மாறியதும் இரண்டும் பிரிந்துவிடும்.

மாட்டு ஏர் ஓட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். உழவனின் ஒரு கை எப்போதும் மேழியில் இருக்கும். கெட்டி மண் வந்து மாடுகள் கழுத்தை நீட்டித் திணறினால் கையை லேசாக்கிக் கொழுவை ஒரு விரல் மேலே விடுவான். பொலபொலப்பான இடம் வந்தால் அழுத்துவான். அந்தக் கையின் வேலையைத்தான் இந்த அமைப்பு செய்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் அயர்லாந்தில் 1884-இல் பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1936-இல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரிலும், 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரிலும், 1946-இல் சாம்பல் நிற டிஇ20-இலும் அது வந்தது. அவருடைய நிறுவனம் 1953-இல் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. நம் தோட்டங்களில் ஓடும் சிவப்பு மாஸி ஃபெர்குசன் வண்டிகள் அந்த வழியில் வந்தவை. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரை வாங்கினாலும் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு, அதாவது கீழே இரண்டு கைகளும் (லோயர் லிங்க்) மேலே நடுவில் ஒரு கையும் (டாப் லிங்க்) சேர்ந்து கருவியைப் பிடிக்கும் அமைப்பு, அவருடைய யோசனைதான்.

அப்ப பொசிஷன் கண்ட்ரோல் வேறயா? எதுக்கு எதைப் போடணும்?

பொசிஷன் கண்ட்ரோல், டிராக்டரிலிருந்து கருவி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் பார்க்கும். இழுவையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. உரம் தூவும் கருவி, மருந்து தெளிப்பான், புல் வெட்டி, சுழல் கலப்பை எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. வயலில் சுழல் கலப்பை போடும்போது பிளேடுகளே வண்டியை முன்னால் தள்ளும், அங்கே டிராஃப்ட் கண்ட்ரோலுக்கு வேலையே இல்லை.

மண்ணுக்குள் இறங்கி இழுபடும் கருவிகளுக்கு, அதாவது இறக்கைக் கலப்பை, சட்டிக் கலப்பை, உளிக் கலப்பை ஆகியவற்றுக்கு டிராஃப்ட். இவற்றைப் பொசிஷனில் வைத்து மேடு பள்ளமான நிலத்தில் ஓட்டிப் பாருங்கள். முன் சக்கரம் மேட்டில் ஏறியதும் பின்னால் கலப்பை புதைந்து வண்டி முக்கும். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் கலப்பை வெளியே வந்துவிடும்.

எங்க வண்டியில டிராஃப்ட் லிவரே காணோமே?

சிறிய நெல் வயல் டிராக்டர்கள் சிலவற்றில் பொசிஷன் மட்டும்தான் இருக்கும். ஃபோர்டு 5000 போன்ற பழைய வண்டிகளில் தூக்கும் லிவர் ஒன்றுதான். எந்த முறையில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கத் தனியாக ஒரு சின்ன லிவர் இருக்கும். இருக்கையைச் சுற்றி ஒரு முறை நன்றாகத் தேடிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாமல் துருவும் மண்ணும் ஏறி இறுகிப் போயிருக்கும், சுத்தியலால் தட்டாமல் எண்ணெய் விட்டு விடுவியுங்கள்.

கலப்பை கனமா இழுக்குதுன்னு டிராக்டருக்கு எப்படித் தெரியும்?

பழைய வண்டிகளில் டாப் லிங்க்தான் செய்தி சொல்லும். மண் கலப்பையின் அடியைப் பின்னால் தள்ளும். கலப்பை இரண்டு லோயர் லிங்க் பின்களை (லிங்க்கைக் கலப்பையோடு கோக்கும் இரும்பு முளைகளை) அச்சாக வைத்து, தலைப்பகுதி முன்னால் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு டாப் லிங்க்கை டிராக்டர் பக்கம் அழுத்தும். டாப் லிங்க் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு கனத்த ஸ்பிரிங் இருக்கிறது. அது அமுங்கும் அளவு உள்ளே வால்வுக்குப் போகிறது. லிவரில் நீங்கள் வைத்த அளவைத் தாண்டி அமுங்கினால் எண்ணெய் சிலிண்டருக்குப் போய் கலப்பை உயரும்.

இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். உழுது கொண்டிருக்கும்போது கலப்பையை மண்ணிலேயே விட்டு வண்டியை நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, என்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். டாப் லிங்க்கின் கலப்பைப் பக்கத்துப் பின்னை இரண்டு விரலால் திருப்பிப் பாருங்கள். இறுகி நின்றால் லிங்க் தள்ளுகிறது, அல்லது இழுக்கிறது. சுலபமாகச் சுழன்றால் டாப் லிங்க்கில் பாரமே இல்லை, அதாவது டிராக்டருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவழித்து வால்வு மாற்றும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள்.

பெரிய கலப்பைக்கு டாப் லிங்க் பொய் சொல்லும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். இரண்டு கொழு உள்ள குட்டையான கலப்பையில் மண்ணின் தள்ளல்தான் பெரிது, டாப் லிங்க் எப்போதும் அமுங்கியே இருக்கும். நான்கு, ஐந்து கொழு என்று நீளம் கூடும்போது கலப்பையின் சொந்த எடை வெகு தூரம் பின்னால் தொங்குகிறது. அந்த எடை டாப் லிங்க்கைப் பின்னால் இழுக்கிறது. மண் முன்னால் தள்ள, எடை பின்னால் இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் ஸ்பிரிங்குக்கு மிச்சம் எதுவும் வராது. அப்போதுதான் அந்த டாப் லிங்க் பின் சும்மா சுழலும். மாஸி ஃபெர்குசன் 135 போன்றவற்றில் ஸ்பிரிங் அமுங்குவதையும் இழுபடுவதையும் உணரும். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே செய்தி இல்லாத இடம் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அதனால் பெரிய டிராக்டர்களில் லோயர் லிங்க்குகளிலேயே இழுவையை அளக்கிறார்கள். கலப்பை எவ்வளவு நீளமானாலும் முழு இழுவையும் லோயர் லிங்க் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே அது எப்போதும் இழுப்புதான். புதிய வண்டிகளில் லோயர் லிங்க் மாட்டும் பின்னுக்குள்ளேயே உணரி இருக்கும். பின் நூலளவு வளைவதை மின்சாரமாக மாற்றிச் சொல்லும். அந்தப் பின்னைத் தட்டிக் கழற்றுவதோ, அதன் பக்கத்தில் வெல்டிங் அடிப்பதோ கூடாது.

கேட்டகரி 1, 2, 3ன்னு போட்டிருக்கே, அது என்ன?

பின்களின் பருமனும் இரண்டு லோயர் பின்களுக்கு நடுவே உள்ள அகலமும்தான். கேட்டகரி 1-இல் லோயர் பின் 22 மில்லிமீட்டர், டாப் பின் 19. கேட்டகரி 2-இல் 28, 25. கேட்டகரி 3-இல் சுமார் 37, 32. அகலம் முறையே 683, 825, 965 மில்லிமீட்டர். மறுநடவுக்குப் போகும் 80 முதல் 120 குதிரைத்திறன் வண்டிகள் பெரும்பாலும் கேட்டகரி 2. பெரிய கலப்பைகள் சில 3-இல் வரும்.

கலப்பை 2, வண்டி 3 என்றால் பின்மேல் புஷ் போட்டு மாட்டலாம், அகலம் ஒத்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தலைகீழாக, கேட்டகரி 3 கலப்பையில் மெல்லிய பின்னைப் போட்டு 2 வண்டியில் இழுக்காதீர்கள். டாப் லிங்க்கில் பின்னுக்குப் பதிலாக போல்ட் போடுவதும் அப்படித்தான். போல்ட்டின் மரை இருக்கும் இடத்தில் அது வெட்டுப்பட்டுப் போகும். அது போகும் நொடியில் கலப்பை எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

என் வண்டி எத்தனை கொழு இழுக்கும்?

குதிரைத்திறனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மண்ணும் ஆழமும் வேகமும் வேண்டும். அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர் சங்கம் இறக்கைக் கலப்பைக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. அதன்படி மொத்தம் 1.2 மீட்டர் அகலம் வெட்டும் மூன்று கொழுக் கலப்பை, களிமண்ணில் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இழுவை சுமார் 2.4 டன். அதே கலப்பை அதே ஆழத்தில் மணல் மண்ணில் என்றால் 1.1 டன்தான். கடலோரக் களியில் ஓட்டியவர் சொல்லும் அனுபவத்தை உள்நாட்டு மணற்பாங்கான நிலத்தில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வேகத்தைக் கவனியுங்கள். அதே களியில் 7 கிலோமீட்டருக்குப் போனால் இழுவை 2.8 டன் ஆகிறது, ஏறியது 16 சதவீதம்தான். ஆனால் தேவைப்படும் சக்தி 44 குதிரைத்திறனிலிருந்து 70-ஐத் தாண்டுகிறது. இது கலப்பையை இழுக்கும் இடத்தில் வேண்டிய சக்தி. என்ஜினில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கியரிலும் சக்கரச் சறுக்கலிலும் போய்விடும் என்பதால், என்ஜின் 100-க்கு மேல் இருந்தால்தான் அந்த வேகம் சாத்தியம். அப்புறம் வண்டியின் எடை. தன் எடையில் பாதிக்கு மேல் தொடர்ந்து இழுக்கும் டிராக்டர் அரிது. 2.4 டன் இழுக்க ஏறக்குறைய 5 டன் வண்டி வேண்டும்.

மாட்டும்போது எதை முதல்ல மாட்டணும்?

சமமான, கெட்டியான தரையில் முதலில் இடது லோயர் லிங்க், அடுத்து வலது, கடைசியில் டாப் லிங்க். பெரும்பாலான வண்டிகளில் வலது லிங்க்கைத்தான் உயரம் கூட்டிக் குறைக்க முடியும். இடதை முதலில் மாட்டினால் வலதை அதற்கேற்பக் கொண்டுவரலாம். கழற்றும்போது தலைகீழ் வரிசை.

கலப்பைக்கும் வண்டிக்கும் நடுவே ஆள் நிற்கும்போது வண்டி நகரக் கூடாது. ஓட்டுநர் மேலே உட்கார்ந்து லிவரைத் தொட, இன்னொருவர் நடுவில் நின்று பின்னைச் சொருகுவதைத் தோட்டங்களில் தினமும் பார்க்கிறேன். பின்னோக்கி வந்து நிறுத்துங்கள், பிரேக் போடுங்கள், என்ஜினை அணையுங்கள், இறங்குங்கள், அப்புறம் மாட்டுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

டயர் அகலத்துக்கும் கலப்பைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. என்னிடம் வரும் உழவுப் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம். உழும்போது வலது சக்கரங்கள் முந்தைய சாலில், அதாவது ஏற்கெனவே உழுத பள்ளத்தில் ஓடுகின்றன, டயரின் உள்பக்கம் சால் சுவரை ஒட்டிப் போகும். முதல் கொழு அந்தச் சுவரிலிருந்துதான் வெட்ட ஆரம்பிக்கிறது. ஆக, இரண்டு பின் டயர்களின் உள்பக்க இடைவெளியில் பாதி எவ்வளவோ, அவ்வளவு தூரத்தில் சால் சுவரிலிருந்து டிராக்டரின் நடுக்கோடு இருக்கும். கலப்பையின் இழுவை மையமும் அங்கேயே விழ வேண்டும்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மூன்று 14 அங்குலக் கொழு என்றால் மொத்த வெட்டு 107 சென்டிமீட்டர், அதன் நடு 53. ஒவ்வொரு கொழுவின் இழுவை மையமும் அதன் நடுவில் இல்லை, உழாத மண் பக்கம் கால் பங்கு தள்ளி இருக்கும். அந்த 9-ஐக் கூட்டினால் 62. டயர்களின் உள் இடைவெளி 122 சென்டிமீட்டர் என்றால் பாதி 61. இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதே வண்டியில் சக்கரத்தை 150-க்கு அகலப்படுத்தினால் நடுக்கோடு 75-க்குப் போகிறது. கலப்பையின் பாரம் 13 சென்டிமீட்டர் வலப்பக்கம் விலகி, வண்டியின் மூக்கை வலது பக்கமே இழுக்கும்.

ஒரு தோட்டத்தில் இதே நடந்தது. சரிவான பாதைக்காகச் சக்கரங்களை வெளியே தள்ளிப் போட்டிருந்தார்கள். மறுநடவு வந்ததும் அப்படியே கலப்பையை மாட்டிவிட்டார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க ஸ்டியரிங்கை இடது பக்கம் பிடித்துப் பிடித்துத் தோள் வீங்கி வந்தார். அங்கே வேறொருவர் ஹைட்ராலிக் மூடியைத் திறந்து இரண்டு நாள் பார்த்திருக்கிறார். நான் போனபோது டேப்பை எடுத்து டயருக்கு நடுவே அளந்தேன். சக்கரத்தை உள்ளே மாற்றிய அன்று மதியமே வண்டி நேராக ஓடியது. அந்த ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரித்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சக்கரம் சரியா இருக்கு, ஆனாலும் ஒரு பக்கமா இழுக்குதே?

கலப்பையில் குறுக்குத் தண்டு இருந்தால் அது திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தண்டின் இரு முனையிலும்தான் லோயர் பின்கள் இருக்கின்றன. அதைச் சற்றுத் திருப்பினால் கலப்பையின் திசை மாறும். பக்கத்தகடுகள் தேய்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும், சால் சுவரில் ஊன்றிக் கலப்பையை நேராக வைத்திருப்பது அவைதான். சட்டிக் கலப்பையில் அந்த வேலையைப் பின்னால் உள்ள சாய்ந்த சக்கரம் செய்கிறது. அதன் பேரிங் ஆடினால் மொத்தக் கலப்பையும் அலையும்.

செக் செயினை இறுக்கணுமா, விடணுமா?

லோயர் லிங்க்குகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் சங்கிலிகள் அவை. உழும்போது தளர்வாக விடுங்கள், கலப்பை பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்து தன் வழியைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். சாலையில் போகும்போது இறுக்குங்கள். தெளிப்பான், உரம் தூவிக்கு எப்போதும் இறுக்கம். தளர்வு என்றாலும் லிங்க் டயரில் உரசும் அளவுக்கு விடக் கூடாது.

டாப் லிங்க்கைச் சுருக்கினா நல்லா இறங்குதே, அப்படியே ஓட்டலாமா?

இறங்கும்தான். ஆனால் கலப்பை மூக்கைக் குத்திக்கொண்டு போகும். முதல் கொழு ஆழமாகவும் கடைசிக் கொழு மேலோட்டமாகவும் வெட்டும். உழும் ஆழத்தில் இருக்கும்போது கலப்பையின் சட்டம் முன்னும் பின்னும் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும், டாப் லிங்க்கின் நீளம் அதற்குத்தான். ஆழத்தை லிவரில் வையுங்கள்.

டாப் லிங்க்கைச் சுருக்கினால்தான் இறங்குகிறது என்றால் கொழுவின் முனையைப் பாருங்கள். புதுக் கொழுவின் மூக்கு கீழ்நோக்கி வளைந்திருக்கும், அதுதான் கலப்பையை மண்ணுக்குள் இழுக்கிறது. தேய்ந்து தட்டையான கொழுவை எந்த லிவராலும் இறக்க முடியாது. லோயர் லிங்க்கின் பக்கச் சமத்தையும், வலது சக்கரம் சாலில் இறங்கிய பிறகு ஒரு முறை சரிபாருங்கள். கொட்டகையில் சமமாக இருந்தது சாலில் சாய்ந்திருக்கும்.

முன் சக்கரம் தூக்குது. வெயிட் போட்டா போதுமா?

டிராஃப்ட் கண்ட்ரோல் கலப்பையைத் தாங்கும்போது கலப்பையின் எடையும் அதன்மேல் புரளும் மண்ணின் எடையும் பின் சக்கரத்துக்கு வருகின்றன. முன் அச்சிலிருந்தும் எடை பின்னால் நகர்கிறது. பின் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைப்பது இதனால்தான். முன்பக்கம் லேசாவது இதன் மறுபக்கம். கலப்பையைத் தூக்கிய நிலையிலும் வண்டியின் சொந்த எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் ஸ்டியரிங் கேட்காது. முன்னால் எடை போடுவது சரிதான்.

எடை போட்டும் தூக்குகிறது என்றால் அந்தக் கலப்பை அந்த வண்டிக்குப் பெரிது. சக்கரச் சறுக்கலையும் அளந்து பாருங்கள். டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்ற எவ்வளவு தூரம் என்று அளவிடுங்கள், 45 மீட்டர் என்று வையுங்கள். உழுதுகொண்டு அதே 10 சுற்றில் 39.6 மீட்டர்தான் போனது என்றால் சறுக்கல் 12 சதவீதம். 8 முதல் 15 வரை நல்லது. அதற்கு மேல் டயரும் டீசலும் வீண்.

ஓட்டும்போது கலப்பை மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கு. வால்வு கெட்டுப் போச்சா?

வால்வுக்கு வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய. முதலில் டாப் லிங்க் எந்தத் துளையில் இருக்கிறது? டிராக்டர் பக்கம் மேலும் கீழுமாக இரண்டு மூன்று துளைகள் இருந்தால், அந்தத் தகட்டின் ஆடும் அச்சிலிருந்து தள்ளி உள்ள துளை ஸ்பிரிங்கை அதிகம் அழுத்தும். சின்னக் கலப்பைக்கு அது நல்லது. கனமான கலப்பையை அதில் மாட்டினால் சின்ன வேருக்கும் துள்ளும், அச்சுக்குப் பக்கத்துத் துளைக்கு மாற்றுங்கள். அடுத்தது இறங்கும் வேகம். அது அதிகமாக இருந்தால் கலப்பை சட்டென்று இறங்கி, அடுத்த நொடியே தூக்கப்படும்.

பிறகு ஆட்டம். டாப் லிங்க் பின், அதன் துளை, லிங்க்கின் பந்து முனை ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் எல்லாம் சேர்ந்து ஸ்பிரிங்குக்குத் தாமதமான செய்தி போகும். மாஸி 35, 135 வண்டிகளில் அந்தப் பெரிய ஸ்பிரிங்கையே கையால் பிடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம்கூட ஆடக் கூடாது, அதேசமயம் விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். இந்த ஒரு சரிசெய்தலில் அடங்கிய வண்டிகள் பல.

சட்டிக் கலப்பைக்கு டிராஃப்ட் கண்ட்ரோல் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கொழு தானாக மண்ணுக்குள் போகும், சட்டி போகாது. சட்டியை இறக்குவது அதன் எடை. அதனால் லிவரை லேசான பக்கம் வைத்தால் ஹைட்ராலிக் அந்த எடையைத் தானே சுமந்துகொண்டு, சட்டி மண்ணைக் கீறிக்கொண்டு போகும். லிவரைக் கனமான பக்கம் நன்றாகத் தள்ளுங்கள், கலப்பையின் பின்னால் உள்ள சக்கரமும் எடையைத் தாங்கட்டும். வேரும் கட்டையும் நிறைந்த மறுநடவு நிலத்தில் சட்டி மேலேறி உருண்டு போய்விடும் என்பதால் இங்கே அதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

வேர்க்கட்டையில மோதினா டிராஃப்ட் கண்ட்ரோல் காப்பாத்துமா?

மெதுவாகக் கூடும் பாரத்துக்குத்தான் அது. கட்டையில் மோதுவது ஒரு நொடியின் பகுதி, எண்ணெய் அந்த வேகத்தில் போகாது. அதற்கு இருப்பது கொழுக்காலில் உள்ள வெட்டுபடும் போல்ட். அது உடைந்தால் அதே தரத்தில் வேறொன்றைப் போடுங்கள். அடிக்கடி உடைகிறது என்று கடினமான போல்ட் போட்டால் அடுத்து உடைவது சட்டம், அல்லது லோயர் லிங்க்.

ஒரே நிலத்துல பாதி களி, பாதி மணல். ஆழம் மாறுதே, என்ன பண்றது?

முதல் பதிலில் சொன்ன பிரிவு இதுதான். இழுவையை ஒரே அளவில் வைக்கும் அமைப்பு, மணலில் கலப்பையை ஆழமாக இறக்கி, களியில் மேலே தூக்கும். அதன் வேலை அது, கோளாறு அல்ல. பல வண்டிகளில் டிராஃப்ட்டையும் பொசிஷனையும் கலந்து வைக்க முடியும். பொசிஷன் பக்கம் கொஞ்சம் கலந்தால் ஆழ மாற்றம் குறையும், வண்டி களியில் கூடுதலாக முக்கும். கலப்பையில் ஆழச் சக்கரம் இருந்தால் மணலில் அது ஒரு எல்லைக்கு மேல் இறங்க விடாது.

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்பதை வைத்து, களியிலும் அதே ஆழம் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். ஈரக் களியில் வேண்டாம். சறுக்கும் சக்கரமும் கொழுவின் அடியும் சாலின் தரையை மெழுகியது போல ஆக்கிவிடும், பிறகு நீரும் வேரும் அதைத் தாண்டி இறங்காது. மண்ணை உருண்டை பிடித்துப் பாருங்கள். விரலால் நசுக்கினால் உதிர வேண்டும், பிசைந்த மாவு போல நெளிந்தால் இரண்டு வெயில் காத்திருங்கள்.

பின்னால சக்கரம் வச்ச நீளமான கலப்பைக்கு டாப் லிங்க்கே இல்லையே, எப்படி?

அது பாதி தாங்கிய கலப்பை. முன்பகுதியை லோயர் லிங்க்குகள் தாங்கும், பின்பகுதியை அதன் சொந்தச் சக்கரம். டாப் லிங்க் இல்லாததால் டாப் லிங்க்கில் உணரும் டிராக்டருக்கு அங்கே செய்தியே கிடையாது. பொசிஷனில்தான் ஓட்ட வேண்டும். லோயர் லிங்க்கில் உணரும் டிராக்டரில் டிராஃப்ட் முழுமையாக வேலை செய்யும். வாங்கும் முன் உங்கள் வண்டி எதில் உணர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாப் லிங்க் மாட்டுற இடத்துல செயின் போட்டு செம்பனை மரத்தையோ லோரியையோ இழுக்கலாமா?

கூடவே கூடாது. கலப்பை மூன்று புள்ளியிலும் மாட்டியிருக்கும்போது டாப் லிங்க் முன்னால் தள்ளி, வண்டி பின்னால் மல்லாக்காமல் பிடித்துக்கொள்கிறது. அங்கேயே சங்கிலியைக் கட்டி இழுத்தால் அதே உயரம் எதிராக வேலை செய்யும். பின் அச்சுக்கு மேலிருந்து இழுபடும் வண்டி, சக்கரம் பிடித்த நொடியில் முன்னால் எழும்பிப் பின்னால் கவிழும். பிரேக்குக்குக் கால் போக நேரம் இருக்காது. இழுக்க வேண்டியது டிராபாரில், அதாவது பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும். பழைய ஃபோர்ட்சன் டிராக்டர்கள் கலப்பை தடங்கியபோது இப்படிக் கவிழ்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஃபெர்குசனின் அமைப்பு தீர்த்து வைத்த பெரிய ஆபத்து அதுதான்.

எல்லாம் சரியா இருக்கு. ஆனா கலப்பை சரியா தூக்கல. பம்பா, இந்த கண்ட்ரோலா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நின்ற இடத்தில் பொசிஷனுக்கு மாற்றித் தூக்குங்கள். நன்றாகத் தூக்கினால் பம்பும் சிலிண்டரும் நலம், கோளாறு டிராஃப்ட் பக்கம்: ஸ்பிரிங், அதன் கம்பிகள், அல்லது உணரி. டாப் லிங்க் பின்னை விரலால் திருப்பிப் பார்க்கும் அந்தச் சோதனையிலிருந்து ஆரம்பியுங்கள். பொசிஷனிலும் தூக்கவில்லை என்றால் எண்ணெய் அளவையும் வடிகட்டியையும் பாருங்கள். பல வண்டிகளில் கியர் எண்ணெய்தான் ஹைட்ராலிக் எண்ணெயும். அளவு குறைந்தால் முதலில் தெரிவது இங்கேதான்.

தூக்கிய பிறகு என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று கவனியுங்கள். கலப்பை கண் முன்னாலேயே இறங்கினால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ எண்ணெய் கசிகிறது. அப்படியே நின்று, என்ஜின் ஓடும்போது மட்டும் சில நொடிக்கு ஒரு முறை சின்னதாகத் துள்ளினால் அதுவும் கசிவுதான், இறங்குவதைப் பொசிஷன் கண்ட்ரோல் திரும்பத் திரும்பத் தூக்கிச் சரிசெய்கிறது. இவ்வளவையும் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு வண்டியைக் கொண்டு வாருங்கள். ஹைட்ராலிக் மூடியைக் கழற்றுவது அதற்கு அப்புறம்தான்.